முழங்கால் மாற்று: பில்லில் இருக்க வேண்டிய நான்கு வரிகள்

அத்தைக்கு வலது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாள். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில் கொடுத்த தாளில், மூட்டுக்கென்று ஒரே ஒரு வரி இருந்தது: ‘இம்ப்ளாண்ட் – 1’. அதற்கு நேரே ஒரு பெரிய தொகை. எந்தக் கம்பெனி, என்ன உலோகம், எத்தனை பாகம், ஒன்றும் இல்லை. மிக்ஸி வாங்கினால்கூட மாடல் எண் போட்டுத்தான் பில் தருகிறார்கள்.

பிரித்து எழுதித் தரும்படி கேட்டேன். “இது பேக்கேஜ் சார், அப்படியெல்லாம் பிரித்துத் தருவதில்லை” என்றார் கவுண்டரில் இருந்தவர். விதி இருக்கிறது என்று சொன்ன பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது பில்லில் மூன்று வரிகள் இருந்தன. தொகை நாலாயிரத்துச் சொச்சம் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்பதில்தான் இந்த விதியின் சூட்சுமம் இருக்கிறது.

செயற்கை முழங்கால் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. தொடை எலும்பின் முனையில் தொப்பி போலப் பொருத்தும் உலோகம் ஒன்று. கீழ்க்கால் எலும்பின் தலையில் உட்காரும் தட்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வழுக்கிக் கொடுக்கும் பாலிஎத்திலீன் துண்டு ஒன்று. முழங்கால் சில்லின் உட்புறம் ஒட்டும் சிறு வில்லை ஒன்று. ஆக நான்கு. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 19ஆம் பத்தியைப் பயன்படுத்தி, இந்த ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே உச்ச விலை வைத்தது. அதிகம் புழங்கும் கோபால்ட் குரோமியம் வகைக்குத் தொடை எலும்புப் பாகம் 24,090 ரூபாய், தட்டு 16,990, நடுத்துண்டு 9,550, சில்லு வில்லை 4,090. கூட்டினால் 54,720 ரூபாய். அதற்கு முன் இதே வகையின் அதிகபட்ச சில்லறை விலை சராசரியாக 1,58,324 ரூபாயாக இருந்தது. டைட்டானியம், ஆக்சிஜனேற்றிய சிர்க்கோனியம் போன்ற உயர் வகைகளுக்கு உச்ச விலை ஏறத்தாழ 76,600 ரூபாய். ஏற்கெனவே பொருத்திய மூட்டைக் கழற்றி வேறு வைக்கும் மறு அறுவைக்கு 1,13,950 ரூபாய். ஜிஎஸ்டி இவற்றுக்கு மேல் தனி.

இவை 2017இல் வந்த அந்த முதல் விலை ஆணையின் தொகைகள். அந்த ஆணை அதன்பின் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. அறுவைக்கு நாள் குறிக்கும் முன் அன்றைய தொகையை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை கதைக்கு வருகிறேன். முழங்கால் சில்லுக்கு வில்லை வைப்பதா வேண்டாமா என்பது மருத்துவர் அறுவை மேசையில் பார்த்து முடிவு செய்வது, பலருக்கு வைப்பதில்லை. அத்தைக்கும் வைக்கவில்லை. ஆனால் முதல் பில் நான்கு பாகத்துக்கும் போட்ட மொத்தத் தொகை. வைக்காத வில்லைக்கும் காசு. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை வரியில் பில் போட்டால் இது யார் கண்ணிலும் படாது என்றுதான் சொல்கிறேன்.

இதற்காகத்தான் ஆணையில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். மருத்துவமனை, நர்சிங் ஹோம், கிளினிக் எதுவானாலும், முழங்கால் இம்ப்ளாண்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும். பிராண்டு பெயர், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றைப் பில்லில் எழுத வேண்டும். பேக்கேஜ் என்றாலும் இதே கதைதான். கூடுதலாக வாங்கியது நிரூபணமானால் அந்தத் தொகையை வட்டியோடு கட்ட நேரிடும். புகாருக்கு ஆணையத்தின் கட்டணமில்லாத எண் 1800 111 255.

விதியின் கை எட்டாத இடங்களும் உண்டு. மருத்துவர் கட்டணம், அறை வாடகை, தியேட்டர் கட்டணம் எதற்கும் உச்சவரம்பு கிடையாது. பாகத்தில் குறைந்ததை அங்கே ஏற்றிவிட்டார்கள் என்ற புகார் பழையது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகவே அட்மிஷனுக்கு முன்பே மொத்தச் செலவை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. இடுப்பு மூட்டு மாற்று இந்த ஆணைக்குள் வராது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்தக் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. 2018 செப்டம்பர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். பெற்றோர் பெயர் அதே குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனி அட்டையில் இருக்கும் அம்மாவை மகன் தன் அட்டையைக் காட்டிச் சேர்க்கப் போய்த் திரும்பி வருவது வாடிக்கை.

இது கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னர் திரும்ப வாங்கும் திட்டம் அல்ல. எக்ஸ்ரே, பரிசோதனை முடிவுகளை மருத்துவமனை அனுப்பி, முன் ஒப்புதல் வந்த பிறகே அறுவை. அரசு மருத்துவமனைகளும் இதில் சேர்த்தி. தனியாருக்குப் போவதானால், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எலும்பு மூட்டுப் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் வந்த பிறகும் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993.

காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. ஆனால் மூட்டு, நரம்புத் தொல்லையோடு வருபவர்களில் பலருக்கு வேண்டியது கத்தி அல்ல. தேய்மானத்துக்குத் தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும், மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போனால் இரவில் கட்டும் பட்டை, டிஸ்க் விலகிக் காலில் இழுக்கும் வலிக்கு சில வாரப் பொறுமையும் பிசியோதெரபியும் என்றுதான் தொடங்குவார்கள். (சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ பொறுமை கூடாது, அன்றே மருத்துவமனை.) அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். இதற்கு வருமானச் சான்றெல்லாம் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும்.

அத்தையின் இடது முழங்காலுக்கு இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காலை நீட்டித் தூக்கும் பயிற்சியைத் தினமும், முனகிக்கொண்டே, செய்கிறார். வலது முழங்காலுக்கு வைத்த மூன்று பாகங்களின் பெட்டியில் இருந்த ஸ்டிக்கர்களின் நகலைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருக்கிறோம். பதினைந்து இருபது ஆண்டு கழித்து நடுத்துண்டு தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத்தான்.