பெடல்போர்டு: மிதிபலகை அன்று, மிதித்தொகுதி

கிட்டார் வாசிப்போர் காலடியில் வைத்துக்கொள்ளும் பெடல்போர்டை ‘மிதிபலகை’ என்று எழுதும் வழக்கம் பரவி வருகிறது. அதை வீட்டிலேயே செய்துகொள்வதற்கான குறிப்புகளிலோ ‘தனிப்பயனாக்கப்பட்ட அனைத்தும் ஒன்றிலான விளைவுகள் மிதிபலகை’ என்கிற அளவுக்குத் தொடர் நீண்டுவிடுகிறது. அதை முதல் முறையாகப் படிக்கும் ஒருவருக்கு எந்தப் பொருளைச் செய்யப்போகிறோம் என்பதே விளங்காது. இத்தொடரின் ஒவ்வொரு உறுப்பிலும் பிழை இருக்கிறது; மிகப் பெரிய பிழை ‘மிதிபலகை’ என்பதில்தான்.

பொருளை முதலில் பார்ப்போம். கிட்டார்க் கம்பியின் அதிர்வைப் பிக்கப் என்னும் காந்தச் சுருள் மெல்லிய மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அச்சமிக்ஞை பெருக்கியை அடையும் முன், வழியில் ஒரு சிறு மின்சுற்று அதை வாங்கி, அலையின் முகட்டை வெட்டியோ, தாமதித்து மீண்டும் சேர்த்தோ, சில அலைவெண்களை உயர்த்தியோ தாழ்த்தியோ வெளியே அனுப்புகிறது. அச்சுற்று ஓர் உலோகப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் மேல்புறத்தில் காலால் அழுத்தும் விசை ஒன்று இருக்கும். அதுதான் பெடல். பல பெடல்களை வரிசையாக இணைத்து, மின்வழங்கியும் சேர்த்து ஒரு சட்டத்தின் மேல் பொருத்தினால் பெடல்போர்டு. தனித்தனிப் பெட்டிகளை விட்டுவிட்டு, வேண்டிய சுற்றுகள் அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்விசை வைத்தால் அதை ஆல்-இன்-ஒன் என்கிறார்கள்.

சொல்லின் பிறப்பு எளியது. இலத்தீனில் ‘பெஸ்’ என்றால் பாதம். அதன் வேற்றுமை வடிவம் ‘பெடிஸ்’. அதன் வழியே இத்தாலிய ‘பெடாலே’, பிரெஞ்சு ‘பெடால்’ ஆகியவை வந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்கன் என்னும் குழாய் இசைக்கருவியின் கால்கட்டையைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பெடல்போர்டு என்பதும் முதலில் அந்தக் கருவிக்கு உரியதே: காலால் வாசிக்கும் 30 அல்லது 32 நீண்ட கட்டைகளைக் கொண்ட வரிசை. 1962இல் ஒலியைக் கரகரப்பாக்கும் ‘ஃபஸ்’ வகைப் பெடலான மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 ஃபஸ்-டோன் விற்பனைக்கு வந்தபின், காலால் இயக்கும் தனிப்பெட்டிகள் கிட்டார் உலகில் பெருகின. அவற்றைக் கலையாமல் ஒரு பலகையில் பொருத்தி வைக்கத் தொடங்கியதும் பெயர் இங்கே குடியேறியது.

இனி ‘மிதிபலகை’. இது வினைத்தொகை. மிதித்த பலகை, மிதிக்கின்ற பலகை, மிதிக்கும் பலகை என்று முக்காலத்துக்கும் விரியும். அதாவது மிதிபடுவது பலகை. தமிழ்க் காதில் இச்சொல் விழுந்தால் வண்டியில் கால்வைத்து ஏறும் பலகையோ, தறியில் காலால் அழுத்தும் பலகையோ மனத்தில் தோன்றுவது அதனால்தான். பெடல்போர்டிலோ பலகையை யாரும் மிதிப்பதில்லை. மிதிபடுவது பலகையின் மேல் இருக்கும் பெட்டியின் விசை; பலகை வெறுமனே தாங்கி நிற்கிறது. தாங்குவதை மிதிபடுவதாகச் சொல்லும் சொல், பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

‘மிதிவண்டி என்கிறோமே, அங்கே வண்டியையா மிதிக்கிறோம்?’ என்று இதற்கு மறுப்பு வரக்கூடும். நியாயமான கேள்விதான். வினைத்தொகையில் பெயர்ச்சொல் செயப்படுபொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. மிதிவண்டியில் மிதித்தல் என்னும் செயல் வண்டி முழுவதையும் ஓட்டுகிறது. வண்டியின் இயல்பே அச்செயலால் அமைகிறது. பெடல்போர்டில் மிதித்தலால் பலகைக்கு எதுவும் நேர்வதில்லை. மேலும், வண்டி மிதிக்கப்படும் பொருள் அன்று என்பது எவருக்கும் தெரியும் என்பதால் அங்கே மயக்கம் எழுவதில்லை. பலகையோ இயல்பிலேயே கால்வைக்கும் பொருள் என்பதால், படிப்பவர் மனம் தவறான விரிவையே முதலில் பற்றிக்கொள்கிறது.

சிலர் ஒரு ப் சேர்த்து ‘மிதிப்பலகை’ என்று எழுதி இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். இலக்கணப்படி அது சரியான திருத்தம். ‘மிதி’ என்பதைப் பெயராகக் கொண்டு, மிதிகளை உடைய பலகை என்று விரித்தால், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகி வல்லினம் மிகும், வினைத்தொகையில் மிகாது. ஓர் ஒற்றெழுத்து பொருளை முழுவதும் மாற்றிவிடும் இந்த நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கலைச்சொல்லின் முழு வேறுபாட்டையும் அந்த ஒற்றின் மேல் ஏற்றிவைக்கக் கூடாது. ஒற்று மிகும் இடம் மிகா இடம் பார்க்காமல் அச்சிடும் வழக்கம் இன்று எங்கும் இருக்கிறது. எழுதுபவர் சரியாக எழுதினாலும் அடுத்த கையில் அது உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் விட வலுவான காரணம் செய்முறையில் இருக்கிறது. வீட்டில் இதைக் கட்டுபவரின் மேசையில் எத்தனை பலகைகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: அடித்தளமாக மரப்பலகை, உறுப்புகளைப் பற்றவைக்கும் சுற்றுப்பலகை, சோதனைக்கு வைத்திருக்கும் துளைப்பலகை. இவற்றுக்கு நடுவே ‘பலகையில் 12 மில்லிமீட்டர் துளையிடுக’ என்று ஒரு வரி வருகிறது. அந்தத் துளை கால்விசைக்கு உரியது. அலுமினியப் பெட்டியின் மேல்முகத்தில் இட வேண்டியது. எந்தப் பலகை என்று விளங்காதவர் சுற்றுப்பலகையில் துளையிட்டால் அன்றைய வேலை அத்தோடு போயிற்று. ஒற்றைப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் கட்டும்போதோ, பெயரில் இருக்கும் பலகை பொருளில் இருப்பதே இல்லை. இல்லாத ஒன்றைப் பெயரிலே சுமந்து திரியும் சொல்லை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

என் பரிந்துரை இது. பெடலுக்கு ‘மிதி’ என்பதே போதும். முதனிலையே தொழிற்பெயராகவும் பொருட்பெயராகவும் நிற்பது தமிழில் இயல்பானது. அடி, வெட்டு, பூட்டு எல்லாம் அப்படி நிற்பவையே. தனிப்பெட்டி என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘மிதிபெட்டி’ என்னலாம். அங்கே மிதிபடுவது பெட்டியேதான், ஆகவே வினைத்தொகை பழுதின்றிப் பொருந்துகிறது. பெடல்போர்டுக்கு ‘மிதித்தொகுதி’. மிதிகள் சேர்ந்து இயங்குவதுதான் அப்பொருளின் சாரம். அவை பலகையில் இருக்கின்றனவா, உலோகச் சட்டத்தில் இருக்கின்றனவா, ஒரே பெட்டிக்குள் இருக்கின்றனவா என்பது இரண்டாம் செய்தி. தொகுதி என்றால் தேர்தல் தொகுதி நினைவுக்கு வரும் என்பார்கள். நூல்தொகுதி, கதைத்தொகுதி என்று நாள்தோறும் சொல்லும்போது வராத குழப்பம் இங்கே மட்டும் வர வழியில்லை.

ஆல்-இன்-ஒன் என்பதை ‘அனைத்தும் ஒன்றில்’ என்று சொல்லுக்குச் சொல் வைப்பது எதையும் உணர்த்துவதில்லை. எவை அனைத்தும், எந்த ஒன்றில்? ‘ஒற்றைப்பெட்டி மிதித்தொகுதி’ என்றால் உடனே புரிகிறது. ஒரே கணிப்புச் சில்லு பல ஒலிகளைப் போலச் செய்யும் மல்டி-எஃபெக்ட்ஸ் கருவியிலிருந்தும் அது வேறுபட்டு நிற்கிறது. வீட்டில் கட்டுவது பெரும்பாலும் தனித்தனிச் சுற்றுகளை ஒரு கூரையின் கீழ் கொண்டுவருவதுதான். இரண்டையும் ‘பன்விளைவு’ என்று ஒரே பெயரால் அழைப்பது, உறுப்புகள் வாங்கப் போகிறவரைத் தவறான பொருளின் பக்கம் திருப்பிவிடுகிறது.

‘விளைவு’ என்பதையும் விட்டுவைக்க முடியாது. எஃபெக்ட் என்பதற்கு அகராதியில் முதலில் காணும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்தது இது. ஆங்கிலத்தில் அச்சொல் ஒலியில் ஏற்படும் மாறுதலையும், மாறுதலைச் செய்யும் கருவியையும் ஒருசேரக் குறிக்கிறது. நம் இலக்கணத்திலும் இதற்கு இடம் உண்டு. காரியத்தின் பெயர் காரணத்துக்கு ஆவதைக் காரியவாகுபெயர் என்கிறோம். ஆனால் ஆகுபெயர் மக்கள் வழக்கில் பழகிப் பழகி அமைவது; மொழிபெயர்ப்பவர் ஒரே நாளில் கட்டளையிட்டு அமைப்பது அன்று. ‘மூன்று விளைவுகளைப் பெட்டிக்குள் பொருத்துக’ என்ற வரியைத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் எப்படிப் படிப்பார்? கருவிக்கு ‘ஒலிமாற்றி’, அது தரும் பயனுக்கு ‘ஒலிமாற்றம்’, பெடலோடு சேர்க்கையில் ‘ஒலிமாற்று மிதி’ என்று பிரித்து வைத்தால் மயக்கம் தீர்ந்துவிடும்.

டிஸ்டார்ஷன் மிதியை ‘விலகல் மிதி’ என்பதும் இதே நோய்தான். அங்கே எதுவும் எதிலிருந்தும் விலகவில்லை. அலை குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு என்னும் உறுப்புகள் கடத்தத் தொடங்கி முகட்டை வெட்டுகின்றன. சிலிக்கான் டையோடானால் அந்த அளவு ஏறக்குறைய 0.6 வோல்ட். அலையின் வடிவம் திரிகிறது, ஆகவே ‘திரிபு மிதி’. ‘தனிப்பயனாக்கப்பட்ட’ என்ற நெடுஞ்சொல்லையும் நான் ஏற்பதில்லை. ‘தன் தேவைக்கேற்ற’ என்பது எவருக்கும் விளங்கும். மொழிபெயர்ப்பு இயந்திரம் தரும் முதல் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, அதை வைத்து ஒருவர் பற்றவைப்புக் கோலைக் கையில் எடுக்கப் போகிறார் என்பதை மறந்துவிடுவதே மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை.

‘தரையோடு இணைக்கவும்’ என்ற வரியில் அந்த மறதி உண்மையிலேயே கேடு செய்கிறது. சுற்றில் கிரவுண்டு என்பது மண் அன்று, வீட்டின் தரையும் அன்று. கிட்டார் வடத்தைச் செருகும் ஜாக்குகளின் வெளிமுனைகளும், பெட்டியின் உலோகமும், மின்வழங்கியின் ஒரு முனையும் வந்து சேரும் இடம். அதற்குப் ‘பொதுமுனை’ என்பதே செயலைச் சொல்லும் பெயர். வழக்கமான 9 வோல்ட் மிதிகளில் மின்வழங்கியின் எதிர்முனை பொதுமுனையாக இருக்கும். பழைய முறையில் கட்டப்படும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சில ஃபஸ் சுற்றுகளில் நேர்முனை பொதுமுனையாக இருக்கும். இவ்விரு வகைகளையும் ஒற்றைப்பெட்டிக்குள் வைத்து ஒரே மின்வழங்கியில் இணைத்தால் அதன் இரு முனைகளும் பெட்டியின் உலோகம் வழியே குறுக்குச் சுற்றாகிவிடும். ‘தரை’ என்று படிப்பவருக்கு இதில் கேட்க எதுவும் தோன்றாது. ‘பொதுமுனை’ என்று படிப்பவரோ, இந்தச் சுற்றுக்கு எது பொதுமுனை, நேர்முனையா எதிர்முனையா என்று கேட்டுவிட்டுத்தான் கம்பியைப் பற்றவைப்பார்.