எலுமிச்சையின் நிழல் ஏன் பச்சையாகிறது?

முதல் ஸ்டில் லைஃப் (எதிரே அடுக்கிவைத்த பொருள்களைப் பார்த்துத் தீட்டும்) ஓவியத்துக்கு ஒரு எலுமிச்சை, ஒரு தக்காளி, ஒரு கத்தரிக்காய் போதும். எட்டுக்குப் பத்து அங்குல கேன்வாஸ் போர்டில் அக்ரிலிக் வண்ணம். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் ஒன்றின் நிழலை மற்றது கலைத்துவிடும், காய்கள் தட்டையாகத் தெரியும்.

கோளாறு பெரும்பாலும் எலுமிச்சையின் இருண்ட பக்கத்தில் தொடங்கும். மஞ்சளை இருட்டாக்கக் கறுப்பைக் கலந்தால் பாசி நிறம் வந்து நிற்கும். கரிக் கறுப்புக்கு லேசான நீலச் சாய்வு உண்டு. போதாததற்கு, இருண்ட மஞ்சளையே நம் கண் பச்சை கலந்ததாகத்தான் உணர்கிறது. கறுப்புக்குப் பதில், பட்டாணி அளவு மஞ்சளில் கால் பங்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்துப் பாருங்கள். பழுத்த தோலின் நிழல் கிடைக்கும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் ஊசிமுனை அளவு ஊதா.

கத்தரிக்காய்க்கு அந்த ஊதாதான் முதல் தேவை. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பள்ளியில் படித்தது பாதிதான் உண்மை. நிறமி ஒளியை விழுங்கும்; விழுங்காமல் விட்ட மிச்சமே நமக்கு நிறம். தாலோ புளூ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம், சிவப்பொளியை முழுக்க விழுங்கும். ஆரஞ்சு சாய்ந்த சிவப்பான வெர்மிலியன் நீல ஒளியை விழுங்கும். இரண்டையும் கலந்தால் ஊதாவுக்கு வேண்டிய ஒளி எதுவும் மிஞ்சாது, மண் நிறம்தான் மிஞ்சும். அல்ட்ராமெரைன் நீலமும் கிரிம்சன் சிவப்பும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தவை; இவற்றில் ஊதா சுத்தமாக வரும். டியூபில் அச்சிட்ட நிறமி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: அல்ட்ராமெரைன் பிபி 29, தாலோ பிபி 15. ஒரே டியூபில் மூன்று நிறமி எண்கள் இருந்தால், அது கடையிலிருந்து வரும்போதே கலவைதான். மேலும் கலந்தால் சீக்கிரம் அழுக்காகும்.

தக்காளியின் வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளையைக் கொட்டாதீர்கள். டைட்டானியம் வெள்ளை சிவப்பை ரோஜா நிறமாக வெளுக்கச் செய்யும். ஆரஞ்சால் வெளிச்சம் ஏற்றினால் சிவப்பின் சூடு குறையாது.

தட்டில் சரியாக இருந்த நிறம் போர்டில் காய்ந்ததும் இருண்டு தெரிந்தால் உங்கள் கண்ணில் குறையில்லை. அக்ரிலிக் வண்ணத்தில் நிறமியைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தில் பால் வெள்ளை. நீர் ஆவியாகிப் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியதும் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அந்த வெள்ளை போனதால்தான் இருட்டு. துண்டு அட்டையில் ஒரு தீற்று தீற்றிக் காயவிட்டுப் பாருங்கள். தீட்டும்போது ஃபேனை அணைத்துவிடுவது நல்லது, காற்றில் வண்ணம் சீக்கிரம் காயும். பாதி காய்ந்த இடத்தில் பிரஷ்ஷை ஓட்டினால் உருவாகிக்கொண்டிருக்கும் படலம் தோலாக உரியும். முழுக்கக் காய்ந்த பிறகு அதன்மேல் தாராளமாகத் தீட்டலாம்.

பளபளப்புப் புள்ளி கடைசி வேலை. கத்தரிக்காயில் அது ஊதாவாக இருக்காது: அந்த ஒளி தோலுக்குள் நுழையாமல் மேற்பரப்பிலேயே தெறித்து வருவதால் விளக்கின் நிறத்தையே காட்டும். எனவே மஞ்சள் விளக்கென்றால் வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் கலந்து, ஓரம் கூர்மையாக ஒரே தொடுகை. எலுமிச்சைத் தோல் சொரசொரப்பு. அங்கே அதே ஒளி சிதறி, சிறு சிறு புள்ளிகளாக மங்கிப் பரவும்.