டெப்த் சார்ட்: ஆழமா, அடுக்கா?

அமெரிக்காவுல ஆகஸ்ட் மாசம் பொறந்தா காலேஜ் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, பந்த கையில எடுத்துகிட்டு ஓடுற அமெரிக்க ஆட்டம்) பாக்குறவங்க வாயில ஒரே பேச்சுதான், டெப்த் சார்ட் வந்துருச்சா, லைன்பேக்கர் (தடுக்குற பக்கம் நடுவுல நிக்கிறவன்) பக்கம் டெப்த் பத்தலயே, அந்த சேஃப்டி (எல்லாருக்கும் பின்னால நின்னு காவல் காக்குறவன்) பையன இங்க மாத்தியிருக்காங்களாமே. இந்த டெப்த் சார்ட்ட தமிழ்ல "ஆழ வரைபடம்"னு எழுதியிருந்தத ஒரு தடவ பாத்தேன், மனசுக்கு ஒப்பவே இல்ல. ஆழ வரைபடம்னு சொன்னா கடல்ல எத்தன பாகம் தண்ணி நிக்குதுன்னு அளந்து போட்ட படம்னுதான் நமக்கு தோணும். ஒரு டீம்ல ஒவ்வொரு ஆளுக்கும் பின்னால யார் யார் ரெடியா நிக்கிறாங்கங்கிறதுதான் இங்க டெப்த்.

இங்கிலீஷ்ல இந்த அர்த்தம் படையில இருந்து வந்தது. சிப்பாய்ங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா ரெண்டு வரிசையா நின்னா டூ டீப், நாலு வரிசையா நின்னா ஃபோர் டீப். ஃபுட்பால்ல இன்னிக்கும் டூ டீப்னு அப்படியே சொல்றாங்க, அதாவது தாக்குற பக்கம் 11 இடம் தடுக்குற பக்கம் 11 இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு பேரு, ஆக மொத்தம் 44 பேரு. சார்ட்ங்கிறது கிரேக்கத்துல பப்பைரஸ் ஏட்ட குறிச்ச வார்த்தை, லத்தீன் வழியா சுத்தி வந்து இங்கிலீஷ்ல வரைபடம் பட்டியல் எல்லாம் ஆயிருச்சு, அதுல குழப்பம் ஒண்ணும் இல்ல.

தாக்குறதுக்கு ஒரு கூட்டம் தடுக்குறதுக்கு வேற ஒரு கூட்டம்ங்கிறதே ஆதியில இருந்து இருந்த பழக்கம் கிடையாது. முன்னாடி எல்லாம் அதே 11 பேருதான் ரெண்டையும் ஆடணும். 1945-ல மிச்சிகன் கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் ஆர்மி டீமுக்கு (அமெரிக்க ராணுவக் கல்லூரியோட டீம்) எதிரா தாக்குறதுக்கு தனி ஆளு, தடுக்குறதுக்கு தனி ஆளுன்னு பிரிச்சு இறக்குனாரு. அன்னிக்கு ஜெயிச்சது என்னமோ ஆர்மிதான், 28-7, ஆனா அந்த ஆர்மி கோச் ரெட் பிளைக் தோத்தவரோட யோசனைய எடுத்துகிட்டு அதுக்கு டூ பிளட்டூன்னு பட்டாளத்துப் பேரையும் வச்சிட்டாரு. 1953-ல ஆள் மாத்துறதுக்கு கடுமையா கட்டுப்பாடு போட்டாங்க, அப்புறம் அறுபதுகள் நடுவுல திரும்ப தாராளமா விட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஆளு, அவனுக்கு ஒரு மாத்து, அந்த மாத்துக்கு ஒரு மாத்துன்னு இந்த பட்டியல் இவ்ளோ பெருசா வளந்துச்சு. இந்த காலத்துல ரெண்டு பக்கமும் முழுசா ஆடி கொலராடோவோட டிராவிஸ் ஹன்டர் 2024-ல காலேஜ் ஃபுட்பாலோட சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்குற ஹைஸ்மன் கோப்பைய வாங்குனப்ப ஊரே ஆச்சரியப்பட்டதுக்கு காரணம் இதுதான், எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னாடி அது எல்லாரும் பாத்த வேலை.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. பழைய போர்ப் பாட்டுகள்ல படையோட முன்வரிசைக்கு தூசி, பின்வரிசைக்கு கூழைன்னு பேரு உண்டு. பின்வரிசை கலைஞ்சு ஓடும்போது ஒத்த ஆளா நின்னு தாங்குறவன தனியா ஒரு துறை வச்சே பாடியிருக்காங்க. டெப்த்ங்கிற கருத்து நமக்கு புதுசே இல்லங்கிறதுக்கு இது போதும். ஆனா இன்னிக்கு தூசின்னா ஜன்னல் மேல படியிறது, கூழைன்னா கூழைக்கும்பிடு, அந்த வார்த்தைகள திரும்ப இழுத்துட்டு வந்தா படிக்கிறவங்களுக்கு பாரமாத்தான் இருக்கும்.

என் மனசுக்கு சரியா பட்டது அடுக்கு. இதுக்கு வேர் அடு, பக்கத்துல வர்றது, ஒண்ணோட ஒண்ணு சேர்றது. அடுத்து, அடுத்தவர், அடுக்கு எல்லாம் ஒரே குடும்பம். கோச் கையில வச்சிருக்க அந்த தாள் பதில் சொல்ற கேள்வியே "அடுத்து யாரு"ங்கிறதுதானே, அப்ப டெப்த் சார்ட்டுக்கு அடுக்குப் பட்டியல், டூ டீப்புக்கு ஈரடுக்கு, செகண்ட் டீம்ல இருக்கான்னா ரெண்டாவது அடுக்குல இருக்கான். மாடி வீட்ட அடுக்குமாடின்னு சொல்லி பழகுன வாய்க்கு இது தானா வரும். "டீமுக்கு நல்ல டெப்த் இருக்கு"ன்னு சும்மா பொதுவா சொல்ற எடத்துல மட்டும் பின்பலம்னு சொல்லலாம், அரசியல் பேசும்போது தினமும் சொல்ற அதே பின்பலம்தான்.

டீம்ல இருக்குற எல்லார் பேரும் உள்ள பட்டியலுக்கு இங்கிலீஷ்ல ரோஸ்டர்னு பேரு, அந்த வார்த்தையோட கதை இன்னும் ருசியானது. டச்சு மொழியில ரூஸ்டர்னா கறி சுடுற கம்பித் தட்டு, கம்பி கம்பியா கோடு போட்டிருக்கும்ல, அதே மாதிரி கோடு போட்ட தாளுக்கும் அந்த பேரே ஒட்டிகிச்சு, அப்புறம் எந்த சிப்பாய்க்கு என்னிக்கு டூட்டின்னு கோடு போட்டு எழுதுற பட்டியலா இங்கிலீஷ் பட்டாளத்துக்குள்ள வந்துச்சு. இப்ப அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துக்கு என்ன பேருன்னு பாருங்க, கிரிட்அயர்ன், அதுவும் அதே கறி சுடுற கம்பித் தட்டுதான், தரையில போட்ட வெள்ளைக் கோடுகளால வந்த பேரு. ஆட்டக்காரங்க பட்டியலும் ஆடுற களமும் ரெண்டு வேற மொழியில இருந்து வந்து ஒரே அடுப்புல சேர்ந்திருக்கு! தமிழ்ல அடுன்னா சமைக்கிறதுன்னும் அர்த்தம், அடுப்பு அதுல வந்ததுதான், போர்க்களத்துக்கு அடுகளம்னு பேரும் இருக்கு. அந்த அடு வேற, அடுக்கோட அடு வேற, ரெண்டையும் ஒண்ணா முடிச்சு போட்டுடாதீங்க, ஆனா இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

ரோஸ்டருக்கு நம்ம அரசு வேலை நியமனத்துல இனச்சுழற்சின்னு ஒரு வழக்கு இருக்கு, அது முறை வச்சு சுத்தி வர்ற அர்த்தத்துக்கு சரி, ஒரு டீமுக்கு ஒட்டாது. டீமோட ரோஸ்டர்னா ஆட்டக்காரர் பட்டியல், அவ்ளோதான். இதுல எத்தன பேருங்கிறதுதான் இப்ப சூடான விஷயம். தொண்ணூறுகள்ல இருந்து பெரிய காலேஜ் ஒவ்வொண்ணும் 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு இருந்துச்சு, அதுக்கு மேல ஸ்காலர்ஷிப் இல்லாம தானா வந்து சேர்ற வாக் ஆன் பசங்க. 2025 ஜூன்ல ஒரு வழக்கு சமரசத்துக்கு கோர்ட் ஒப்புதல் குடுத்ததும், அதுல சேர்ந்த காலேஜ்களுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை போய் பட்டியலே 105 பேருங்கிற வரம்பு வந்துச்சு. கேக்க தாராளமா இருக்கு, ஆனா அடிபட்டது கடைசி அடுக்குல நின்ன வாக் ஆன் பசங்கதான். பேரு வெளிய தெரியாம நாலு வருஷம் பயிற்சியில மட்டும் இடிபட்டு நின்னவங்க அவங்க, அவங்களுக்கு தமிழ்ல ஒரு பேரு வச்சா மரியாதையா வைக்கணும், தன்விருப்ப ஆட்டக்காரர்னு சொல்லலாம். "ஓசி", "எக்ஸ்ட்ரா" மாதிரி எதையும் தயவுசெஞ்சு போட்டுடாதீங்க.

அடுத்தது பொசிஷன் ஸ்விட்ச், அதாவது ஒரு டீம்குள்ளயே ஒரு ஆட்டக்காரர வேற வேலைக்கு மாத்துறது. இத நிறைய பேரு "இடமாற்றம்"னு எழுதுறாங்க, அதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, இடமாற்றம்னா தாசில்தாருக்கு வர்ற டிரான்ஸ்ஃபர் ஆர்டர்தான் ஞாபகம் வரும். ரெண்டாவது, காலேஜ் ஃபுட்பால்ல நெஜமாவே டிரான்ஸ்ஃபர்னு வேற ஒண்ணு இருக்கு, ஒரு காலேஜ விட்டு இன்னொரு காலேஜுக்கு போறது, 2018 அக்டோபர்ல அதுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ண தொறந்ததுல இருந்து ரெண்டாவது அடுக்குல காத்துகிட்டிருந்த பசங்க நிறைய பேரு வருஷா வருஷம் கெளம்பிடுறாங்க. அதுக்கு கல்லூரி மாற்றம்னு சொல்லிட்டு, இதுக்கு பொறுப்பு மாற்றம்னு வச்சுக்கலாம். சேஃப்டிய லைன்பேக்கரா மாத்துறாங்கன்னா அவன் நிக்கிற எடம் நாலஞ்சு கெஜம்தான் முன்ன வரும், ஆனா அவன் தலையில ஏறுற வேலை மொத்தமா வேற, இத்தன நாள் பந்து வானத்துல வருதான்னு பாத்தவன் இனிமே 140 கிலோ ஆளு முட்ட வர்றத தாங்கணும். அதனாலதான் இடத்த விட பொறுப்புங்கிற சொல்லு எனக்கு பிடிச்சிருக்கு.

ஆகஸ்ட்ல இந்த பொறுப்பு மாற்றம் ஏன் இவ்ளோ நடக்குதுன்னா, ஒரு அடுக்கு மெலிஞ்சு போச்சுன்னா கோச் சந்தையில போய் அப்பவே ஆள் வாங்கிட்டு வர முடியாது, இருக்குற ஆளுல இருந்துதான் தேத்தணும். ரன்னிங் பேக் (பந்த வாங்கி ஓடுறவன்) அஞ்சு பேரு இருந்து கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடுறவன தடுக்குறவன்) ரெண்டு பேருதான் இருந்தா ஓட்டம் உள்ள ஒரு பையன அந்தப் பக்கம் தள்ளுவாங்க. லைன் ஓரத்துல நின்னு பந்தையும் பிடிக்கிற டைட் எண்டு உயரமா இருந்து, சாப்பிட்டு எடைய ஏத்துனா, முட்டி மறிக்க மட்டும் நிக்கிற ஆஃபென்சிவ் டேக்கிள் ஆயிருவான். அப்ப பனியன் நம்பரும் மாறணும், ஏன்னா உள் லைன்ல நின்னு பந்த பிடிக்கக் கூடாத ஆளுங்களுக்கு 50-ல இருந்து 79 வரைக்கும்தான் நம்பர், நடுவர் நம்பர பாத்தே யாரு பந்து பிடிக்கலாம் யாரு பிடிக்கக் கூடாதுன்னு கணக்கு வைப்பாரு. 80-ஐ கழட்டி 74-ஐ மாட்டுற அந்த நாள் ஒரு பையனுக்கு லேசான நாள் கிடையாது, சின்ன வயசுல இருந்து பந்த பிடிச்சு ஓடி கைதட்டு வாங்குனவன் இனிமே பந்தையே தொட மாட்டான்.

இப்படி மாறுன ஆளுக்கு லேன் ஜான்சன்தான் நல்ல உதாரணம். டெக்சஸ்ல ஒரு ஜூனியர் காலேஜ்ல குவார்ட்டர்பேக் (பந்த எறிஞ்சு டீம நடத்துறவன்), ஓக்லஹோமா போய் டைட் எண்டு, அப்புறம் டிஃபென்சிவ் எண்டு (தடுக்குற பக்கம் லைன் ஓரத்துல நிக்கிறவன்), அப்புறம் ஆஃபென்சிவ் டேக்கிள், அந்த நாலாவது பொறுப்புல போய்தான் 2013 டிராஃப்ட்ல (தொழில்முறை டீமுங்க காலேஜ் பசங்கள முறை வச்சு எடுக்குறது) நாலாவது ஆளா ஃபிலடெல்ஃபியா எடுத்துச்சு. ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகன்ல டைட் எண்டா இருந்து, அத விட்டுட்டு விஸ்கான்சின்ல வாக் ஆனா போய் சேர்ந்து டிஃபென்சிவ் எண்டா ஆனவரு. ஸ்டான்ஃபோர்டுல ரிச்சர்ட் ஷெர்மன் பந்து பிடிக்கிற பக்கம் இருந்தவரு, முட்டி அடிபட்டதுக்கு அப்புறம் கார்னர்பேக் ஆனாரு. எந்த பொறுப்புக்கும் உடம்பு சரியா பொருந்தாத பையன இங்கிலீஷ்ல ட்வீனர்னு சொல்லுவாங்க, நம்ம ரெண்டுங்கெட்டான் அச்சு அசலா அதேதான், ஆனா மேல சொன்ன மூணு பேரையும் பாத்தப்புறம் அந்த வார்த்தைய ஒரு பையன் மேல ஒட்ட எனக்கு வாய் வரல.

ரெட்ஷர்ட்னு ஒண்ணும் அடிக்கடி வரும், ஆட உரிமை உள்ள வருஷத்துல ஒண்ண செலவழிக்காம ஒரு வருஷம் மேட்ச் ஆடாம இருக்குறது அது. 1937-ல நெப்ராஸ்காவுல வாரன் ஆல்ஃப்சன்னு ஒரு பையன், இந்த வருஷம் பயிற்சி மட்டும் எடுத்துக்கிறேன், மேட்ச் ஆடலன்னு கேட்டு வாங்கி நம்பர் இல்லாத சிவப்பு சட்டையோட பயிற்சி பண்ணதா சொல்லுவாங்க, அதுல இருந்து வந்த பேரு. சிவப்புச் சட்டைன்னு தமிழ்ல போட்டா ஏதோ கட்சி ஊர்வலம் மாதிரி ஆயிரும், காத்திருப்பு ஆண்டுன்னு சொன்னா விஷயம் புரிஞ்சிரும். 2018-ல இருந்து நாலு மேட்ச் வரைக்கும் இறங்குனாலும் அந்த ஆண்டு கணக்குல போகாதுன்னு விதிய தளத்திட்டாங்க.

முதல் அடுக்கு, ரெண்டாவது அடுக்குக்கு இங்கிலீஷ்ல ஃபர்ஸ்ட் ஸ்ட்ரிங், செகண்ட் ஸ்ட்ரிங்னும் சொல்றாங்க, அது வில்லாளிங்க கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. வில்லுல பூட்டுன நாண் அறுந்தா மாத்துறதுக்கு இடுப்புல இன்னொரு நாண் வச்சிருப்பாங்க, அதுதான் ரெண்டாவது ஸ்ட்ரிங். இரண்டாம் நாண்! தமிழ்ல சொல்லும்போது இன்னும் அழகா இருக்குல்ல. தினசரி பேச்சுக்கு அடுக்கு போதும், ஆனா ஒருத்தன பெருமையா எழுதணும்னு வர்றப்ப இத எடுத்துக்கலாம்.

மூணாம் நாண் வரைக்கும் போன கதை ஒண்ணு இருக்கு. 2014 ஆகஸ்ட், ஒஹாயோ ஸ்டேட், முதல் மேட்சுக்கு 12 நாள்தான் இருக்கு, முதல் அடுக்கு குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்கு பயிற்சியில பந்து எறியிற தோளு போயிருச்சு, சீசன் முழுக்க அவுட். அடுத்து ஜே.டி. பாரட் வந்தாரு, ரெண்டாவது மேட்சுலயே சொந்த ஊர்ல விர்ஜினியா டெக் கிட்ட தோத்தாங்க, அப்புறம் வரிசையா ஜெயிச்சு நவம்பர் கடைசி வரைக்கும் வந்தப்ப மிச்சிகன் மேட்ச்ல அவருக்கு கணுக்கால் உடைஞ்சிருச்சு. மூணாவது அடுக்குல இருந்து கார்டேல் ஜோன்ஸ் வந்தாரு. காலேஜ்ல அவர் முதல்முதலா ஸ்டார்ட் பண்ண மேட்சே கான்ஃபரன்ஸ் ஃபைனல், விஸ்கான்சின 59-0. அடுத்து அலபாமா, 42-35. அடுத்து ஒரிகான், 42-20, 2015 ஜனவரி 12, தேசிய சாம்பியன். பின்பலம்னா என்னன்னு யாராவது கேட்டா நான் வேற எதையும் சொல்ல மாட்டேன், இந்த மூணு ஸ்கோரத்தான் சொல்லுவேன்.

ஆனா என்னைய ரொம்ப பாதிச்சது அதுக்கு அடுத்து நடந்தது. மில்லர் திரும்பி வந்தப்ப முன்னாடி ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் சாம்பியன். 5-ம் நம்பர் போட்டு அந்த டீமையே நடத்துன ஆளு, தோளு பழைய மாதிரி இல்லன்னு தெரிஞ்சு, வேற காலேஜுக்கு போகாம அதே டீம்ல பந்து பிடிக்கிற பொறுப்புக்கு மாறி 1-ம் நம்பர் போட்டுகிட்டாரு. 2015 செப்டம்பர் 7, முதல் மேட்ச், அதே விர்ஜினியா டெக், இந்த தடவ அவங்க ஊர்ல. மொதல்ல 54 கெஜத்துக்கு ஒரு பந்த பிடிச்சு டச்டவுன், அப்புறம் பந்த கையில வாங்கி ஓடும்போது எதிர்ல வந்தவன் பக்கத்துல கால ஊனி உடம்ப ஒரு சுத்து சுத்துனாரு பாருங்க, புடிக்க வந்தவன் வெறும் காத்த புடிச்சான், 53 கெஜம் ஓடி இன்னொரு டச்டவுன். 42-24. அடுத்த வருஷம் டிராஃப்ட்ல மூணாவது ரவுண்டுல ஹூஸ்டன் அவர எடுத்தது பந்து பிடிக்கிறவராத்தான்.

பட்டியல்ல இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. ரெண்டு பேருல யாரு முதல்னு கோச்சுக்கே முடிவாகலன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல இங்கிலீஷ்ல ஆர் (or)னு போட்டு விட்டுருவாங்க, அத தமிழ்ல அல்லதுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. அன்னிக்கு விர்ஜினியா டெக் மேட்சுக்கும் அதே நிலைமைதான், கார்டேல் ஜோன்ஸ் அல்லது ஜே.டி. பாரட், கோச் அர்பன் மேயர் கடைசி வரைக்கும் பேர வெளிய சொல்லவே இல்ல, முதல் தடவ பந்து கைக்கு வந்து டீம் உள்ள எறங்குனப்பதான் ஜோன்ஸ் முன்னால நடந்து போறத எல்லாரும் பாத்தாங்க.