நகல் பூனைக்கு வேறு சட்டை

"என் பூனையைக் குளோனிங் செய்தால் அச்சு அசலாக அதே மாதிரி குட்டி வருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உங்களுடையது கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை கலந்த மூவண்ணப் பூனையென்றால் வராது. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிசிதான் உலகின் முதல் குளோன் பூனை. அதற்கு மரபணு கொடுத்த ரெயின்போ என்ற பூனை மூவண்ணம். சிசியோ பழுப்புக் கோடும் வெள்ளையும்தான், ஆரஞ்சு துளிகூட இல்லை.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், பள்ளியிலேயே படித்தோம். ஆரஞ்சா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபணு அந்த எக்ஸில் இருக்கிறது; மூவண்ணப் பூனைக்கு ஒரு எக்ஸ் ஆரஞ்சு, இன்னொன்று கறுப்பு. இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். இரண்டு எக்ஸும் சேர்ந்து வேலை செய்தால் அளவு மிஞ்சிவிடும் என்பதால், கரு சின்ன உருண்டையாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறது. அம்மா கொடுத்ததையா, அப்பா கொடுத்ததையா? காசு சுண்டிப் பார்க்கிற கதைதான், பக்கத்து செல் என்ன செய்தது என்று எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு முறை சுருட்டியது சுருட்டியதுதான். அந்த செல் பிரிந்து பிரிந்து பெருகும்போது வாரிசுகள் எல்லாம் அதே எக்ஸையே மூடி வைக்கும். பூனையின் முதுகில் தெரியும் ஆரஞ்சுத் திட்டு அப்படி ஒரு குடும்பம், கறுப்புத் திட்டு வேறு குடும்பம். (வெள்ளைக்குக் காரணம் வேறொரு மரபணு, அதை விடுங்கள்.) எலிகளின் ரோம நிறத்தைப் பார்த்து 1961இல் பிரிட்டன் மரபியலாளர் மேரி லயன் இதை ஊகித்துவிட்டார்.

ரெயின்போவிடம் எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே சுருட்டப்பட்டிருந்தது. குளோனிங்கில் அந்தச் சுருட்டு அவிழவில்லை, அவ்வளவுதான்.

ஒரே மரபணு இருந்தும் இரண்டு உயிர்கள் வேறுபட, வளர்ப்பு மட்டுமல்ல, இப்படிக் குருட்டு அதிர்ஷ்டமும் போதும். பூனைகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. வியர்வைச் சுரப்பி உருவாகாத ஒரு எக்ஸ் மரபணுக் கோளாறு உண்டு; அதை ஒற்றை எக்ஸில் மட்டும் சுமக்கும் பெண்களுக்கு முதுகில் ஒரு பட்டை வியர்க்கும், அடுத்த பட்டை காய்ந்தே இருக்கும்.

ஆரஞ்சுக்குக் காரணமான மரபணு எது என்பது 2025இல்தான் ஆய்விதழில் வந்தது. கண்டுபிடித்த இரு குழுக்களில் ஒன்றான ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழு பொதுமக்களிடம் நிதி திரட்டியது. பூனை நிறத்துக்கெல்லாம் காசா என்று முகம் சுளிப்பவர்களிடம் கையேந்தாமல் பூனைப் பிரியர்களிடம் போனது சரிதான் என்பேன்.

நம்மூரில் பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறோம். அடுத்த முறை நின்று நிறத்தைப் பாருங்கள். மூவண்ணமாக இருந்தால் அநேகமாகப் பெண்தான். ஆணுக்கு வழக்கமாக ஒரு எக்ஸ், ஒரு ஒய்தான்; மூவண்ண ஆணாக இருந்தால் பெரும்பாலும் ஓர் எக்ஸ் கூடுதலான எக்ஸ் எக்ஸ் ஒய், லேசில் பார்க்கக் கிடைக்காத பிறவி.