சாம்பல் நீர் அல்ல, கழுநீர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டம் போன இடங்களில் எழும் தாமான்களின், அதாவது குடியிருப்புப் பகுதிகளின், விளம்பரத் தாள்களில் ‘சாம்பல் நீர் மறுசுழற்சி’ என்ற தொடர் தவறாமல் வருகிறது. கோயில் மண்டபத்தில் நடந்த வீடமைப்பு விளக்கக் கூட்டத்திலும் அதே தொடர்தான். ஒரு பாட்டி கேட்டார்: “ஏன் தம்பி, சாம்பல கரைச்ச தண்ணியையா செடிக்கு விடச் சொல்றீங்க?” நியாயமான கேள்வி.

ஆங்கிலத்தில் ‘கிரே வாட்டர்’ என்பது குளித்த, முகம் கழுவிய, துணி துவைத்த நீர். கழிப்பறை நீர் ‘பிளாக் வாட்டர்’. அதற்கும் நல்ல தண்ணீருக்கும் இடைப்பட்டது என்பதால் ‘கிரே’. அவ்வளவுதான்.

இந்த நிறக் கணக்கு தமிழில் இல்லை. சாம்பல் என்றதும் நமக்கு அடுப்பும், பாத்திரம் துலக்கியதும், காடாற்றிக் கரைப்பதும்தான் நினைவுக்கு வரும். ‘சாம்பல்நிற நீர்’ என்று நீட்டினாலும் பொருள் விளங்கப்போவதில்லை.

கழுவிய நீர் கழுநீர். அரிசி களைந்த தண்ணீரைக் கழுநீர்ப் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைத்தவர்கள் நாம். ஒருமுறை பயன்பட்ட நீர் இன்னொரு முறை பயன்படும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குளியலறைக்கு வேண்டுமானால் ‘குளியல் கழுநீர்’ என்போம். செங்கழுநீர்ப் பூவோடு குழம்பும் என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

‘கழிவுநீர் போதாதா?’ என்பவர்கள் உண்டு. போதாது. கழிவுநீரில் மலநீரும் அடக்கம். கழுநீரையும் மலநீரையும் தனித்தனிக் குழாயில் பிரிப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். கொழுப்பு மிதக்கும் சமையலறைத் தண்ணீரைக்கூடப் பல இடங்களில் இதில் சேர்ப்பதில்லை. சேர்த்த கழுநீரையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறிவிடும். இத்தனை நுணுக்கத்தையும் ‘கழிவு’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் வீடு வாங்குபவருக்கு என்ன புரியும்?

2009இல் மலேசியாவில் வந்த பசுமைக் கட்டடக் குறியீடு, நீர்ச் சிக்கனத்தையும் தன் ஆறு அளவுகோல்களில் ஒன்றாக வைத்தது. இனி இச்சொற்கள் பெருகத்தான் செய்யும். மொழிபெயர்ப்பவர்கள் குளியலறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். அதே விளம்பரத் தாளில் ‘ஃபுளோர் டிராப்’ என்பதைத் ‘தரைப் பொறி’ ஆக்கியிருக்கிறார்கள், எலி பிடிப்பதுபோல! தரை ஓட்டைக்குக் கீழே குழாயில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும். குழாயின் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத குளியலறையில் அது வற்றியதும் வீடே நாறும். பிடிப்பது அதன் வேலையல்ல, அடைப்பதே வேலை. நீர்ப்பூட்டு என்று எழுதுங்கள்.