வில்லின் முதுகில் பாம்புத்தோல்

வில்லை வளைக்கும்போது, எய்பவருக்கு அப்பால் இருக்கும் முதுகுப்புறம் இழுபடுகிறது. அவரை நோக்கிய வயிற்றுப்புறம் அழுந்துகிறது. இரண்டுக்கும் நடுவே இழுவையும் அழுத்தமும் இல்லாத ஓர் அடுக்கு உண்டு. அதிலிருந்து விலக விலக விசை கூடுவதால், முதுகின் மேற்பரப்பில் உள்ள இழைகளே மிகுதியாக நீள்கின்றன. மரம் தன் நீளத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு நீண்டாலே முறியும் நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வில் செதுக்குவோர், இழைகள் எங்கும் அறுபடாதபடி, முதுகு முழுவதும் ஒரே ஆண்டு வளையத்தின் மேல் அமையுமாறு பொறுமையாகச் சீவுகிறார்கள். வட அமெரிக்காவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் இந்த மரத்துக்கு வைத்த பெயருக்கே ‘வில் மரம்’ என்றுதான் பொருள்.

அக்கண்டத்தின் மேற்குப் பகுதிப் பழங்குடியினர் பலர், மானின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாரை, இழை இழையாகப் பிரித்து, பசையில் தோய்த்து, முதுகில் ஒட்டினார்கள். தசைநாண் 8 விழுக்காடு வரை நீண்டும் அறாது என்பதால் இழுவையைத் தாங்கும் வேலையை அது ஏற்றுக்கொள்கிறது. அதன் பகை ஈரம்; நனைந்தால் இழையும் தளரும், பசையும் இளகும். சில வில்களில் அதன்மேல் கிலுகிலுப்பைப் பாம்பின் தோலைப் போர்த்தினார்கள்.

பாம்புத்தோல் வில்லுக்கு வலிமை சேர்க்கிறது என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலர்ந்த தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் விறைப்பும் மரத்தின் விறைப்பில் சிறு பங்குதான். சிராய்ப்பையும் ஈரத்தையும் தடுப்பதும், பளபளக்கும் முதுகின் மினுக்கத்தை மறைப்பதுமே அதன் உண்மையான பணி. அழகும் ஒரு காரணம்தான், அதை மறைப்பானேன்! எடை மிகக் குறைவாக இருப்பது இன்னொரு நன்மை. வில்லின் நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைக் குறைக்கும்.

ஒட்டுவதற்குப் பதனிடாத தோலே ஏற்றது, பதனிட்ட தோலில் தங்கும் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. (இந்தியாவில் பாம்புகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், இங்கே இதை யாரும் முயல வேண்டாம்.) விறைத்த தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் சிறிது நேரத்தில் துணிபோல் துவண்டுவிடும். கஞ்சிராவின் உடும்புத்தோலை வித்வான் நீர் தடவிச் சுருதி இறக்குகிறாரே, அங்கும் இதே விந்தைதான்: தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளுக்கிடையே நீர் புகுந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவிடுகிறது.

மரத்தைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கியபின், வஜ்ஜிரத்தையோ சாதாரண மரப்பசையையோ இரு பரப்பிலும் பூச வேண்டும். வஜ்ஜிரமும் தோலிலிருந்து காய்ச்சி எடுத்த கொலாஜன்தான் என்பதால் இரண்டும் இனத்தோடு இனமாகச் சேர்கின்றன. ஒரே தோல் வில் முழுவதற்கும் போதாது. இரண்டு தோல்களைப் பிடியில் சந்திக்க வைத்து, இணைப்பைத் தோலுறைக்குள் மறைப்பது வழக்கம். வால் பக்கம் நுனியை நோக்கியிருந்தால், செதில்களின் விளிம்புகளும் நுனியை நோக்கியே படியும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெருவிரலால் நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். எங்கேனும் குமிழ் தங்கினால், உலர்ந்தபின் அந்த இடம் வெளிறி நிற்கும். நகத்தால் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கும்.

உலர்ந்ததும் ஓரங்களை அரத்தால் தேய்த்து நீக்குவார்கள். அரம் முதுகிலிருந்து வயிற்றை நோக்கி மட்டுமே நகர வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் தோல் பிய்ந்து எழும். பின்னர் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால், செதில்களின் மேலுள்ள கண்ணாடி போன்ற கெரட்டின் (நம் நகத்தில் உள்ள புரதம்) மூடிகள் கழன்று வரும். அவற்றை விட்டுவைத்தால், வில் வளையும்போது அவை ஒவ்வொன்றாக உதிரும், மேலே பூசிய வார்னிஷும் கூடவே போய்விடும். நீரைத் தடுக்கும் மேலடுக்கின் ஒரு பகுதியும் இப்படிப் போய்விடுவதால், வார்னிஷ் பூசுவது கட்டாயமாகிறது.

ஆயினும் உடனே நாணேற்றக் கூடாது. தோலும் பசையும் கொண்டுவந்த நீரில் ஒரு பங்கு மரத்துக்குள் இறங்கியிருக்கும். ஈர மரத்தை வளைத்தால் வளைவு அதிலேயே தங்கிவிடும். சமையலறைத் தராசில் வில்லை நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின்பே வார்னிஷ் டப்பாவைத் திறக்க வேண்டும்.