ஃபிரான்சைஸ்: உரிமையா, உரிமமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் நண்பர் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். பலகையில் இருப்பது பல ஊர்களில் கடை உள்ள ஒரு பிராண்டின் பெயர். கேட்டால், "பிராஞ்சு எடுத்திருக்கேன்" என்பார். பிராஞ்சு என்றால் கிளை. கிளைக்கு முதல் போடுவது தலைமைக் கடை. இங்கே முதல், வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் நண்பர் தலையில். பெயரும் செய்முறையும் மட்டும் அவர்களுடையவை. அதற்கு முன்பணம் கட்டி, மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்கும் தருகிறார். இதுதான் ஃபிரான்சைஸ்.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு. கட்டற்றவர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததால் முதலில் அது விடுதலையைக் குறித்தது. பிறகு, சந்தை கூட்டவும் படகுத்துறை நடத்தவும் அரசர் தரும் சலுகைக்குப் பெயரானது, வாக்குரிமைக்கும் ஆனது. கடைத்தெருவுக்கு வந்தது ரொம்பப் பின்னால்தான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரத்தை விற்க ஊர் ஊராக உரிமை கொடுத்ததை முன்னோடியாகச் சொல்வார்கள்.

விடுதலையில் பிறந்த சொல்தான். ஆனால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் கட்ட நண்பர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். "சேலத்தின் நம்பர் 1 டீ" என்று போட்டு, ஓரத்தில் தட்டுவடை செட் படமும் வைத்து, அச்சடித்த பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். லோகோவின் நிறம் தப்பு, நம்பர் 1 என்பதற்கு ஆதாரம் இல்லை, தட்டுவடை நம் மெனுவிலேயே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதில் வந்தபோது திருவிழாவே முடிந்திருந்தது.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சேலத்துக் கடை "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று பிட் நோட்டீஸ் அடித்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நாமக்கல் கடையில் போய்ச் சண்டை போடுவார்கள். பொய் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம். கெடுவது கடைக்காரர் பெயர் மட்டுமல்ல. அதனால்தான் ஃப்ளெக்ஸ், ஆட்டோ விளம்பரம், வாட்ஸ்அப் படம் எதுவானாலும் முன் அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள். எத்தனை நாளில் பதில் தர வேண்டும், பதிலே வராவிட்டால் என்ன பொருள் என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி. பல ஒப்பந்தங்களில் மௌனம் என்றால் மறுப்பு. எல்லாக் கடைகளிடமும் வசூலிக்கும் பொது விளம்பர நிதிக்குப் பணம் கட்டிய பிறகும் உள்ளூர் விளம்பரச் செலவு கடைக்காரருடையதாகவே இருப்பதும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முகவாண்மை' பொருந்தாது, முகவர் பிறர் சார்பில் வியாபாரம் செய்பவர், இவரோ சொந்த வியாபாரம் செய்பவர். 'வணிக உரிமம்' என்றால் மாநகராட்சியில் வாங்கும் லைசென்ஸ் என்றுதான் நினைப்பார்கள். 'தனியுரிமை' பிரைவசி என்ற வேறு வேலைக்குப் போய்விட்டது. எனக்குப் பிடித்தது 'உரிமக் கிளை'. உரிமை நம்முடையது, உரிமம் இன்னொருவர் நிபந்தனையோடு தருவது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது, தமிழில் 'மை' போய் 'மம்' வந்தால் போதும். ஓட்டுக்கு வாக்குரிமை, டீக்கடைக்கு உரிமக் கிளை. கொடுப்பவர் உரிமம் தருநர், எடுப்பவர் உரிமக் கிளையாளர்.

நண்பரிடம் சொன்னேன். "பிராஞ்சுன்னாதாங்க பேங்க்ல புரியுது" என்றார். அந்த ஃப்ளெக்ஸ் இப்போது கடைக்குப் பின்னால் விறகை மூடிக் கிடக்கிறது. அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.